மேன் பக்கத்தை ப்ரீ டேக்கில் போட்டால் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து சரிசெய்வது எப்படி

யூனிக்ஸின் பழைய அச்சுக்கோப்பு மென்பொருளான ட்ராஃப்பில் எழுதிய பழைய கையேட்டை (மேன் பக்கத்தை) வெப் பக்கமாக மாற்றச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். ட்ராஃப்பின் இன்றைய வடிவமான குரோஃப்பை ஓட்டி, டெர்மினலுக்குப் போக வேண்டியதை ஃபைலில் பிடித்து, மேலே ஒரு ப்ரீ டேக் (வெற்றிடத்தையும் வரி முறிவையும் அப்படியே காட்டும் ஹெச்டிஎம்எல் குறி), கீழே ஒரு ப்ரீ டேக் போட்டு ஏற்றிவிடுகிறோம். திறந்து பார்த்தால் எழுத்து இரட்டிப்பாக நிற்கும், வரி காணாமல் போயிருக்கும், அட்டவணை கோணலாக இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றையும் எடிட்டரில் தேடி மாற்றிக்கொண்டே போவோம், மூலம் ஒரு முறை மாறினால் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

குரோஃப் வெளியே தருவது வெறும் எழுத்து இல்லை, ஒரு கருவிக்கான உத்தரவு. அதனால்தான் இவ்வளவு தொல்லை. டெர்மினலுக்கு எழுதும் என்ராஃப் பிறந்த காலத்தில் அந்தக் கருவி டெலிடைப் 37, காகிதத்தில் தட்டும் இயந்திரம். ட்ராஃப்புக்கு 1973 வாக்கில் அது போட்டோ டைப்செட்டர். அந்த இயந்திரங்களிடம் சொன்ன பேச்சு இன்றும் வெளியீட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது, பிரவுசருக்கு அது புரியாது. கோளாறு எந்தப் படியில் நுழைந்தது என்று கண்டுபிடித்து அந்தப் படியிலேயே திருத்தினால் ஒரு முறையோடு வேலை முடியும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது ஏமாற்றும். ஓ.டி. கட்டளையை மைனஸ் பி சேர்த்து ஓட்டினால் ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் மூன்று இலக்க ஆக்டல் (எட்டை அடிப்படையாகக் கொண்ட) எண்ணாகக் காட்டும். கீழே நான் சொல்லும் பைட் எண்கள் எல்லாம் அந்த எண்முறையில்தான்.

எழுத்து இரட்டிப்பாகத் தெரிகிறது, அல்லது நடுநடுவே சின்னக் கட்டங்கள்

'நேம்' என்ற ஆங்கிலத் தலைப்பு 'என்என்ஏஏஎம்எம்ஈஈ' என்று வரும். சாய்வெழுத்தாக இருக்க வேண்டிய சொற்களில் எழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு அடிக்கோடு நிற்கும். ஓ.டி.யில் பார்த்தால் அந்தத் தலைப்பு இப்படி இருக்கும்:

116 010 116 101 010 101 115 010 115 105 010 105

116 என்பது என் எழுத்து, 010 என்பது பேக்ஸ்பேஸ். எழுத்தை அடி, ஒரு இடம் பின்னால் வா, அதே எழுத்தை அதன் மேலேயே இன்னொரு முறை அடி. காகிதத்தில் மை இரண்டு முறை விழுந்து தடித்த எழுத்தாகும், அதுதான் அந்தக் காலத்து போல்டு. அடிக்கோடும் அப்படித்தான்: முதலில் கோடு, பின்னால் வந்து அதன் மேல் எழுத்து. பிரவுசருக்குப் பின்னால் வரத் தெரியாது, அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறது.

தடிமன் வேண்டாம் என்றால் சி.ஓ.எல். ஃபில்டரை மைனஸ் பி சேர்த்து நடுவில் வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் கடைசியாக அடித்த எழுத்தை மட்டும் விட்டுவைக்கும். ஒரு எச்சரிக்கை: லொகேல் (கணினியின் மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இல்லையென்றால் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிடம் அது தடுமாறும். கையேட்டைத் திரையில் காட்டும் மேன் கட்டளையின் வெளியீட்டை நேரே ஃபைலுக்குத் திருப்பினால், அந்தக் கட்டளையைத் தரும் மேன்-டிபி இந்தச் சுத்தத்தைத் தானே செய்து தரும், குரோஃப்பை நீங்களே ஓட்டினால்தான் இந்தப் பிரச்சினை.

தடிமனும் வேண்டும், அதை போல்டுக்கான பி டேக்காக மாற்றப் போகிறேன் என்றால் வரிசை முக்கியம். முதலில் பேக்ஸ்பேஸ் ஜோடிகளைப் பிரித்தெடுங்கள், அதன் பிறகுதான் < குறியையும் & குறியையும் மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் தடித்த < குறி ஜோடியாகவே அடையாளம் தெரியாமல் சிதறிவிடும். நான் இரண்டு நாள் இதில் தொலைத்திருக்கிறேன்.

சதுர அடைப்புக்குறியும் எண்ணுமாகக் குப்பை வருகிறது

[1எம், [0எம், [4எம், [24எம் என்று சொல்லுக்குச் சொல் வந்தால் இது மேலே சொன்னதன் புதிய தலைமுறை. குரோஃப் 1.18லிருந்து டெர்மினலுக்கு பேக்ஸ்பேஸ் அனுப்புவதில்லை, வண்ண டெர்மினல்களுக்கான எஸ்கேப் வரிசையை அனுப்புகிறது. முன்னால் 033 என்ற எஸ்கேப் பைட் இருக்கும், அது திரையில் தெரியாது, மிச்சம் மட்டும் தெரியும். குரோஃப்_நோ_எஸ்ஜிஆர் என்ற சூழல் மாறியை (ஆங்கிலப் பெரிய எழுத்தில்) வைத்தால் பழைய பேக்ஸ்பேஸ் முறைக்குத் திரும்பிவிடும், அப்புறம் சி.ஓ.எல். பார்த்துக்கொள்ளும். தடிமனையும் நிறத்தையும் வைத்துக்கொண்டே வெப் பக்கம் வேண்டும் என்றால் 'ஆஹா' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, எஸ்கேப் வரிசையை ஹெச்டிஎம்எல் ஆக மாற்றும், < குறியையும் அதுவே கவனித்துக்கொள்ளும்.

பக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் கட்டளையை காப்பி செய்தால் ஓடவில்லை

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். மற்ற கோளாறெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. புதிதாக லினக்ஸ் படிக்க வந்த ஒரு தம்பி, நான் மாற்றிக் கொடுத்த பக்கத்திலிருந்து எல்எஸ் கட்டளையை மைனஸ் எல்லோடு காப்பி செய்து ஒட்டினார். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று பதில். திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்த்திருக்கிறார். தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் தயங்கித் தயங்கி என்னைக் கேட்டார். கையால் தட்டிப் பார் என்றேன், ஓடியது.

விசைப்பலகையில் தட்டும் மைனஸ் ஒரே பைட், 055. என் பக்கத்தில் இருந்தது 342 200 220 என்ற மூன்று பைட். அது யூனிகோடில் 2010 என்ற எண்ணில் இருக்கும் இணைப்புக் கோடு. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே தெரியும். ட்ராஃப்பைப் பொறுத்தவரை மூலத்தில் வெறும் கோடு போட்டால் அது சொற்களை இணைக்கும் கோடு, பேக்ஸ்லாஷ் சேர்த்து \- என்று போட்டால்தான் மைனஸ். அச்சு உலகத்தில் இது நியாயமான பிரிவினை. 2023ல் வந்த குரோஃப் 1.23 மேன் பக்கங்களிலும் இதைக் கறாராகக் கடைப்பிடிக்கத் தொடங்கியதால், அதுவரை எப்படியோ தப்பித்துவந்த பழைய பக்கங்கள் பல இடங்களில் சிக்கிக்கொண்டன. சில லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் அளவில் அதைப் பழையபடி மாற்றி வைத்திருப்பதால் ஒரு கணினியில் சரியாக வருவது இன்னொன்றில் வராது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு மட்டுமில்லை. நேர் ஒற்றை மேற்கோள் 047, அது வளைந்து 342 200 231 ஆகிவிடும். பின்பக்க மேற்கோள் 140, அது 342 200 230 ஆகும். ^ குறியும் ~ குறியும்கூட எழுத்தின் தலையில் வைக்கும் சின்னக் குறிகளாக மாறிவிடும். ஷெல் ஸ்கிரிப்டில் இவற்றில் ஒன்று மாறினாலே போதும்.

மூலம் உங்கள் கையில் இருந்தால் அங்கேயே திருத்துங்கள்: விருப்பத் தேர்வுகளுக்கு முன்னால் எல்லாம் \- போடுங்கள், நேர் மேற்கோளுக்கு அதற்கென்று உள்ள எஸ்கேப்பைப் போடுங்கள். மூலம் வேறொருவருடையது, தொட முடியாது என்றால் குரோஃப்பிடம் வெளியீட்டுக் கருவி ஆஸ்கி என்று சொல்லிவிடுங்கள். எல்லாக் கோடும் 055, எல்லா மேற்கோளும் நேராக வரும். அட்டவணைக் கோடுகள் + குறியும் | குறியுமாக இறங்கிவிடும், கொஞ்சம் அழகு குறையும், பரவாயில்லை. கட்டளை ஓடாத அழகான பக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். கடைசியில் செட் (தேடி மாற்றும் கட்டளை) ஓட்டி எல்லா வளைந்த மேற்கோளையும் நேராக்குவது மட்டும் வேண்டாம், உரைநடையில் வேண்டுமென்றே வைத்த மேற்கோளும் சேர்ந்து போகும்.

லேடெக் மூலமாக இருந்தால் இதே நோய்க்கு வேறு காரணம். வெர்பேட்டிம் சூழலுக்கு வெளியே இரண்டு மைனஸ் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு நீளக் கோடாகிவிடும், 342 200 223. வெர்பேட்டிமுக்கு உள்ளேயும் நேர் மேற்கோள் வளைந்துதான் அச்சாகும், அப்கோட் என்ற பேக்கேஜைச் சேர்த்தால் நேராகும்.

கோட் நடுவில் சொற்கள் காணவில்லை, அல்லது பாதிப் பக்கத்துக்கு மேல் எல்லாமே போல்டு

ப்ரீ என்று போட்டுவிட்டால் உள்ளே இருப்பதை பிரவுசர் அப்படியே காட்டும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெற்றிடத்தையும் வரி முறிவையும்தான் அது அப்படியே வைக்கும், டேக்குகளை வழக்கம் போலப் படிக்கத்தான் செய்யும். #இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்> என்ற வரியில் #இன்க்ளூட் மட்டும் நிற்கும், கூர் அடைப்புக்குள் இருந்த ஹெடர் பெயரை ஏதோ தெரியாத டேக் என்று விழுங்கிவிடும்.

இன்னொன்றைக் கிட்டத்தில் பாருங்கள். சி நிரலில் ஒரு நிபந்தனை: ஏ<பி && சி>டி. ஆங்கிலச் சின்ன எழுத்துகளாக நினைத்துக்கொள்ளுங்கள். < குறியை ஒட்டி பி வந்ததும் பிரவுசருக்கு அது போல்டு டேக்கின் தொடக்கம், நடுவில் உள்ள && குறிகளும் சியும் அந்த டேக்கின் பண்புகள், > வந்ததும் டேக் முடிந்தது. திரையில் ஏயும் டியும் மட்டும் மிஞ்சும், டியிலிருந்து எல்லாம் போல்டு. ப்ரீயை மூடினாலும் அந்த போல்டு நிற்காது, மூடப்படாத பி டேக்கை பிரவுசர் அடுத்த பத்திக்கும் இழுத்துக்கொண்டு போகும். பக்கம் எங்கோ ஓரிடத்திலிருந்து தடித்துப் போயிருந்தால் அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு < குறியைத் தேடுங்கள்.

மாற்றும்போது & குறியை முதலில், அப்புறம்தான் < மற்றும் >. மாற்றிச் செய்தால் பக்கத்தில் < குறிக்குப் பதில் &எல்டி; என்ற எழுத்துகளே வாசகருக்குத் தெரியும். அதே அறிகுறி வேறு ஒரு காரணத்தாலும் வரும்: உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு முறை மாற்ற, பக்கத்தை ஏற்றும் மென்பொருள் இன்னொரு முறை மாற்றும். யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும்.

ஒரு முழு வரியே இல்லை, பேக்ஸ்லாஷ் இல்லை

இது பிரவுசர் வேலை இல்லை, ட்ராஃப் வேலை. வரியின் முதல் எழுத்து புள்ளியாகவோ நேர் ஒற்றை மேற்கோளாகவோ இருந்தால் அது ட்ராஃப்புக்கு உத்தரவு. புள்ளியில் தொடங்கும் ஃபைல் பெயரை வரித் தொடக்கத்தில் வைத்தால், அப்படி ஒரு உத்தரவு தெரியாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வரியையே விட்டுவிடும். முன்னால் \& போட்டால் சரி, அது அகலம் இல்லாத ஒரு வெறும் இடம்தான், ஆனால் புள்ளி இனி முதல் எழுத்து இல்லை. பேக்ஸ்லாஷ் தொலைந்தால் மூலத்தில் பேக்ஸ்லாஷை அடுத்து ஆங்கில ஈ எழுத்தைப் போட வேண்டும். சி நிரல்களில் புதிய வரிக்கான குறியைப் பலர் அப்படியே எழுதிவிடுவார்கள், ட்ராஃப் அதை எண் ரெஜிஸ்டர் (எண்ணை வைக்கும் மாறி) என்று எடுத்துக்கொண்டு அடுத்து வரும் எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். குரோஃப்பில் எச்சரிக்கைகளை எல்லாம் காட்டச் சொல்லும் விருப்பத் தேர்வு இருக்கிறது, அதை ஒரு முறை போட்டு ஓட்டினால் இந்த வகைக் கோளாறுகள் பெரும்பாலும் வரி எண்ணோடு வந்து விழும்.

கோட் முழுவதும் ஒரே பத்தியாகச் சேர்ந்துவிட்டது, அல்லது சொல்லுக்குச் சொல் பெரிய இடைவெளி

இரண்டுக்கும் அடிப்படை ஒன்று. ட்ராஃப் வரிகளை நிரப்பும், பிறகு வலது ஓரத்தைச் சமன் செய்யும். கோட் பகுதிக்கு முன்னால் நிரப்பாதே என்று சொல்லும் என்எஃப் உத்தரவும் பின்னால் எஃப்ஐ உத்தரவும் விடுபட்டிருந்தால் பத்து வரி நிரல் ஒரு பத்தியாகிவிடும், இதை மூலத்தில்தான் திருத்த முடியும். உரையில் இடைவெளி விட்டுவிட்டு வருவது சமன் செய்வதால், சொல் உடைந்து வரி முடிவில் கோடு வருவது ஹைஃபனேஷனால். மேன் கட்டளையில் நோ-ஜஸ்டிஃபிகேஷன், நோ-ஹைஃபனேஷன் என்று இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டையும் எப்போதும் போட்டுவிடுங்கள். வெப் பக்கத்தில் உடைந்த சொல்லைத் தேடினால் கிடைக்காது, அதுவே போதுமான காரணம்.

நடு உரையில் பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் வந்து நிற்கின்றன

காகிதத்தின் மிச்சம். 11 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 6 வரி, ஆக 66 வரிக்கு ஒரு முறை அடிக்குறிப்பு, வெற்று வரிகள், அடுத்த பக்கத்தின் தலைப்பு. சில வெளியீடுகளில் கூடவே 014 என்ற பக்கம் தள்ளும் எழுத்தும் இருக்கும். இணைய நெறிமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்கள் இதற்கு நல்ல உதாரணம், பழைய விதிப்படி வரிக்கு 72 எழுத்து, பக்கத்துக்கு 58 வரி, அதன் பின் ஒரு 014. மேன் பக்கம் என்றால் சிஆர் என்ற ரெஜிஸ்டரை 1 ஆக்கினால் ஒரே நீளப் பக்கமாக வரும். மூலம் இல்லாத ஆர்எஃப்சி போன்றவற்றில் 014ஐ அடையாளமாக வைத்து அதற்கு முன்னும் பின்னும் உள்ள தலைப்பு வரிகளை எடுங்கள், தலைப்பின் சொற்களை வைத்துத் தேடாதீர்கள், அதே சொற்கள் உரையிலும் வரும். எடுத்த பிறகு குவிந்து நிற்கும் வெற்று வரிகளை கேட் கட்டளை மைனஸ் எஸ் சேர்த்தால் ஒன்றாகச் சுருக்கும். பத்தி ஒன்று இரண்டு பக்கங்களில் பிரிந்திருந்தால் நடுவே ஒரு வெற்று வரி மிஞ்சும், அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணை கோணலாக நிற்கிறது

அட்டவணையே உருவாகாமல் தலைப்பு விவரங்களும் பிரிப்புக் குறிகளும் பச்சையாகத் தெரிந்தால், அட்டவணையை அமைக்கும் டிபிஎல் ஓடவில்லை என்று அர்த்தம், குரோஃப்புக்கு மைனஸ் டி கொடுங்கள். உருவாகி, ஆனால் நெடுவரிசை தள்ளி நின்றால் டேப் எழுத்தைச் சந்தேகியுங்கள். டேப் என்பது 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம், வரித் தொடக்கத்தில் நீங்கள் ஒரு வரி எண் சேர்த்தால் நிறுத்தம் மாறிவிடும். எதையும் தொடுவதற்கு முன் எக்ஸ்பேண்ட் கட்டளையில் விட்டு டேப்பை எல்லாம் வெற்றிடமாக்கிவிடுங்கள். முதல் வரி மட்டும் சரியாக, மற்ற வரிகள் எல்லாம் ஒரே அளவு வலப்பக்கம் தள்ளி இருந்தால், டெம்ப்ளேட் மென்பொருள் ஹெச்டிஎம்எல்லை அழகுபடுத்துகிறேன் என்று உள்தள்ளியிருக்கிறது, அதை அணையுங்கள். ப்ரீயைத் திறந்தவுடன் வரும் முதல் வரி முறிவை மட்டும் பிரவுசர் தானே நீக்கிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், மேலே ஒரு வெற்று வரி வேண்டுமென்றால் இரண்டு போட வேண்டும்.

செங்குத்துக் கோடுகள் துண்டு துண்டாகத் தெரிந்தால் தளத்தின் வரி உயரம் 1.5 போல இருக்கும், ப்ரீக்கு மட்டும் 1.2 அல்லது அதற்கும் கீழே குறையுங்கள்.

தமிழ் சேர்ந்த அட்டவணை என்றால் ப்ரீயை மறந்துவிடுங்கள். 'ர' ஒடுக்கம், 'ண' அகலம், 'கொ' என்பது யூனிகோடில் இரண்டு எண் ஆனால் திரையில் ஒரே எழுத்து. வெற்றிடம் வைத்து நெடுவரிசையை நிறுத்தலாம் என்று நான் பல முறை முயன்றிருக்கிறேன், ஒரு பிரவுசரில் நிற்பது அடுத்ததில் நிற்காது. உண்மையான டேபிள் டேக்தான் ஒரே வழி.

தொப்பி போட்ட எழுத்துகள்

தலையில் தொப்பி போட்ட ஆங்கில ஏயும் பக்கத்தில் யூரோ குறியும் வந்தால், யூடிஎஃப்-8 பக்கத்தை பிரவுசர் விண்டோஸ்-1252 என்று படிக்கிறது. மேலே பார்த்த 342 என்ற பைட்தான் அந்தத் தொப்பி ஏ. தமிழ் எழுத்துகள் இப்படி உடைந்தால் சாய்கோடு வைத்த ஏயும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வரும். சார்செட் மெட்டா டேக்கை முதல் 1024 பைட்டுக்குள் வையுங்கள். வைத்தும் சரியாகவில்லை என்றால் சர்வர் அனுப்பும் தலைப்பைப் பாருங்கள், அது வேறு சொன்னால் அதன் பேச்சுதான் எடுபடும்.

போனில் பக்கமே பக்கவாட்டில் ஓடுகிறது

80 எழுத்து வரி, எல்லா எழுத்தும் ஒரே அகலமான மோனோஸ்பேஸுக்கு பிரவுசர்களின் வழக்கமான அளவு 13 பிக்சல், கூரியரில் எழுத்தின் அகலம் உயரத்தில் 0.6. பெருக்கினால் 624 பிக்சல். போன் 360 அகலம் என்றால் 46 எழுத்துதான் கொள்ளும். எழுத்தைச் சுருக்கினால் யாராலும் படிக்க முடியாது. ப்ரீ பெட்டிக்குள் மட்டும் பக்கவாட்டில் நகரும்படி ஓவர்ஃப்ளோவை ஆட்டோவாக வையுங்கள், மற்ற உரை அசையாமல் நிற்கும். வரியை மடிக்கும் ப்ரீ-ரேப் அட்டவணைக்கும் படத்துக்கும் ஆகாது, நீளமான ஒற்றைக் கட்டளைக்கு வேண்டுமானால் சரி.

இதை எழுதும்போதே சொல்லிவிடுகிறேன், முழுக் கையேட்டையும் ப்ரீயில் போடுவது என் விருப்பமில்லை. விளக்கத்தைப் பத்தியாகவும், கோடையும் எழுத்தால் வரைந்த படங்களையும் மட்டும் ப்ரீயாகவும் வைத்தால் போனில் படிப்பவருக்கும் திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்கும் நல்லது. மேன்டாக், பேன்டாக் என்ற கருவிகள் மேன் மூலத்திலிருந்து நேராகவே அப்படித் தரும். நேரம் இல்லை, இருநூறு பக்கம் இருக்கிறது என்றால் முழுதும் ப்ரீயில் போட்டாலும் தப்பில்லை, மேலே சொன்ன கோளாறுகள் இல்லாமல் இருந்தால்.

பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது

முதலில் மூலம் கிடைக்குமா என்று இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், அதில் செலவாகும் ஒரு மணி நேரம் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். கிடைக்கவே இல்லை என்றால் பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட்டை லேஅவுட் தேர்வோடு ஓட்டுங்கள். வெளியே வந்ததில் எஃப்ஐ, எஃப்எல் ஆகிய எழுத்து ஜோடிகள் ஒட்டிய ஒற்றை எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 'ஃபைல்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால்கூடக் கிடைக்காது. கோட் பகுதிகளின் உள்தள்ளலை பிடிஎஃப்பில் இருந்து நம்ப முடியாது, பைத்தான் போன்ற மொழி என்றால் ஒவ்வொரு நிரலையும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

எந்த மூலத்திலிருந்து வந்தாலும் ஏற்றிய பிறகு நான் செய்வது இது: பக்கத்தை பிரவுசரில் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் அங்கிருந்தே காப்பி செய்து, காலியான ஒரு சோதனைக் கணினியில் ஒட்டி ஓட்டுகிறேன். ஓடாததை ஃபைலில் ஒட்டி ஓ.டி.யில் பார்க்கிறேன். 055 இருக்க வேண்டிய இடத்தில் 342 தெரிந்தால் மேலே மூன்றாவதாகச் சொன்ன அறிகுறிக்குப் போகிறேன்.